வெற்றிலை மடிக்காத கிருத்திகை

அதை விட்டுத்தள்ளு பால்துரை, ஊர் ஓட்டத்தில் ரோச் ஜெயித்ததும் பரிசுக் குடம் அவன் வீட்டுக்குப் போனதும் சித்திரையோடு முடிந்த கதை. இப்போது நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். கார்த்திகை மாசம் கொழும்புக் கடைக்காரர்கள் வைக்கிற ஓட்டத்தில் நீ பேர் கொடுத்திருக்கிறாய் என்று தோணி ஓட்டுகிற தண்டல் சிவனாண்டி வந்து சொல்லுகிறானே, அது நிஜமா?

பார், நலம் விசாரிக்காமலே ஆரம்பித்துவிட்டேன். முறையாக எழுதுகிறேன். கொழும்புக் கடையில் இருக்கும் சிரஞ்சீவி மருமகன் பால்துரைக்கு, தூத்துக்குடியிலிருந்து உன் அத்தை சீனித்தாய் செந்தூரான் பாதத்தை நினைத்து எழுதிக்கொண்டது. விய வருசம் ஐப்பசி மாசம், சஷ்டி முடிந்த மறுவாரம். நானும் உன் பெண்டாட்டி சுடலைமாடத்தியும் இங்கே இருக்கிறோம். சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம். விரதம் முடிந்த கையால் பொய் எழுத மனசு வரவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. அம்பாரம் அம்பாரமாகக் குவித்து ஓலை போட்டு மூடியிருந்த உப்பில் பாதி கரைந்து போயிற்று. ரேசனில் அரிசி கொஞ்சம் போட்டு மீதிக்குச் சோளம் போடுகிறார்கள். சோளத்தைக் குத்தி, புடைத்து, கஞ்சி காய்ச்சுவதற்குள் பொழுது போய்விடுகிறது. மாடத்திதான் எல்லாம் செய்கிறாள். நான் சும்மா இரு என்றாலும் இருக்க மாட்டாள். உன் அம்மை, என் தம்பி பெண்டாட்டி, நன்றாக இருக்கிறாள். கோயிலில் பார்த்தேன். நான் இடப்பக்கம் நின்றால் அவள் வலப்பக்கம் போய் நிற்கிறாள். முருகனுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான், நிற்கட்டும்.

சிவனாண்டி உன்னைப் பற்றிப் பெருமையாகத்தான் சொன்னான். விடிவதற்கு முன்னால் எழுந்து கடலோரத் திடலில் ஓடுகிறாயாம். கடை முதலாளி உனக்கென்று தனியாகப் பால் வைக்கச் சொல்லியிருக்கிறாராம். சொல்லிக்கொண்டே வந்தவன், ஆளு மட்டும் கொஞ்சம் வத்திப் போயிருக்கான் அத்தை என்றான். மாடத்தி உள்ளே சோளம் குத்திக்கொண்டிருந்தாள். உலக்கைச் சத்தம் நின்றுபோயிற்று. அவன் காப்பியைக் குடித்துவிட்டுப் போகிற வரைக்கும் மறுபடி கேட்கவே இல்லை. நான் உள்ளே போய்ப் பார்த்தால், உலக்கையைப் பிடித்தபடி சுவரோரம் உட்கார்ந்திருக்கிறாள். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

அப்போதுதான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாளாம். அதை மீறிவிட்டாள். சத்தியத்தை மீறிய பாவத்துக்கு நான் விளக்குப் போட்டுக்கொள்கிறேன், நீ அவளைக் கோபிக்காதே.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. கடையில் எவனாவது பிரித்து வாசித்துவிடுவான். சிவனாண்டி கையில்தான் கொடுத்து அனுப்புகிறேன், அவனுக்கு எழுத்து தெரியாது. அதனால் ஒளிவு மறைவு இல்லாமல் எழுதுகிறேன், நீயும் தனியாக இருந்து வாசி.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, கல்யாணமான வருசம் சித்திரை ஓட்டத்தில் நீ பழையகாயலிலிருந்து ஓடி வந்தபோது அவளை நான்தான் உப்பளத் திருப்பத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே நிற்கிற பெண்கள் எல்லாம் அண்ணன் பேரையும் தம்பி பேரையும் சொல்லிக் கத்துகிறார்கள். ரோச்சுடைய அக்காள் பிளாரன்ஸ் இருக்கிறாளே, அவள் போட்ட சத்தத்தில் உப்பளத்துக் கொக்கெல்லாம் பறந்தது. இவள் என்ன செய்வாள்? புருசன் பேரைச் சொல்ல முடியுமா? வாயைப் பொத்திக்கொண்டு தவித்தாள். நீ கிட்டே வந்ததும் என்ன நினைத்தாளோ, கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போடுகிற மாதிரி ஒரு குலவை போட்டாள் பார். நான் திகைத்துப் போனேன். சாமிக்குப் போடுகிற குலவையை ரோட்டில் போடலாமா என்று எனக்கு யோசனைதான். ஆனால் நீ அன்று ஜெயித்தாய். அதற்கப்புறம் சாமிக்கும் சம்மதம்தான் என்று விட்டுவிட்டேன்.

சப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊர் பயந்து கிடந்த காலத்தில்தான் ஓட்டம் இல்லை. மற்றபடி வருசா வருசம் அதே திருப்பம், அதே குலவை. நீ கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே, குலவை கேட்டாச்சு, பால்துரை வாரான் என்று ஆட்கள் சொல்லுவார்கள். நீயே என்னிடம் சொல்லியிருக்கிறாய், "அந்தச் சத்தம் காதுல விழுந்தா காலு தன்னால போவுது அத்தை" என்று. ஓடும்போது வாய் காயாமல் இருக்க உனக்கு ஒரு வெற்றிலைச் சுருள் வேண்டும், அதையும் அவள்தான் மடித்துக் கொடுப்பாள்.

இந்தச் சித்திரை ஓட்டம் கிருத்திகை அன்று வந்தது. உனக்காக அவள் விரதம். விரத வீட்டில் வெற்றிலை எடுக்கவில்லை. ஒரு கருப்பட்டித் துண்டைத்தான் உன் கையில் கொடுத்து அனுப்பினாள். இது அவளுக்குத் தெரியும், உனக்குத் தெரியும். திருப்பத்தில் நின்ற வேறு யாருக்குத் தெரியும்?

நீதான் முன்னால் வந்தாய். ரோச் உன் முதுகை ஒட்டி வந்தான். சங்கு குளிக்கிறவன், அவனுக்கு மூச்சு தாங்கும், உனக்கும் அவனுக்கும் நடுவே ஒரு கை இடம் இருந்திருக்கும். உன் உதடு சிவந்திருந்தது. சிவப்பு உதட்டிலிருந்து நாடிக்கு ஒழுகியிருந்தது. பிளாரன்ஸ் அதைப் பார்த்துவிட்டு இவளை இடித்து, "ஏளா மாடத்தி, வெத்தல இந்தச் செவப்பு செவந்திருக்கே, ஒன் மேல அம்புட்டு ஆசையா அவருக்கு?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. குலவைக்கு வாயைக் குவித்தவள் அப்படியே நின்றாள். குலவை போட்டால் நீ இன்னும் வேகமாக ஓடுவாய். கையை ஆட்டினால் நீ பார்க்கமாட்டாய். என்னங்க என்றால் அந்தக் கூட்டத்தில் எவன் பெண்டாட்டி எவனைக் கூப்பிடுகிறாள் என்று யாருக்குத் தெரியும்? அவளுக்கு வேறு வழி இல்லை பால்துரை. இத்தனை பேருக்கு நடுவில் "பால்துரை, நில்லுங்க, ஓடாதீங்க" என்று கூப்பிட்டுவிட்டாள்.

நீ யாரோ சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி நின்றாய். திரும்பிப் பார்த்தாய். ரோச் உன்னைத் தாண்டிப் போனான். அதற்கப்புறம் எத்தனை பேர் போனார்கள் என்று நான் பார்க்கவில்லை. ஆண்கள் பக்கத்தில் ஒரே சிரிப்பு. எவனோ ஒருத்தன், "ஏலே, வீட்டுல கூப்பிடுதாவ, சோறு ஆறிப் போவுதாம், போ" என்றான். நீ ரோட்டை விட்டு இறங்கி, பாத்தியோரம் உட்கார்ந்து, உப்புத் தண்ணீரை அள்ளி வாயைக் கொப்பளித்து முகத்தைக் கழுவினாய். அவமானத்தில் முகம் கழுவுகிறாய் என்று நான் நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். ரத்தத்தைக் கழுவுகிறாய் என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

மாசியிலிருந்தே உனக்கு அப்படி வருகிறதாமே. துப்பிவிட்டு மண்ணைத் தள்ளி மூடுவாயாமே. தெரிந்தால் கிட்டங்கியில் பஞ்சு மூட்டை தூக்க விடமாட்டார்கள், வேலை போய்விடும் என்று அவளிடம் சத்தியம் வாங்கினாயாமே. உன் துண்டை அவள் தனியாக எடுத்து, ஆள் இல்லாத நேரம் பார்த்துத் துவைத்தாளாம். ஓட வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினாளாம். இந்த ஒரு வருசம் மட்டும் என்றாயாம்.

அதெல்லாம் போகட்டும். வீட்டுக்கு வந்தபின் உன் அம்மை என்ன பேச்சுப் பேசினாள்! புருசன் பேரைச் சொல்லி அவன் ஆயுசைக் குறைத்துவிட்டாள், ரோச்சிடம் துட்டு வாங்கிக்கொண்டு நிறுத்தினாள் என்றுகூடச் சொன்னாள். நான் நடுவில் நின்றேன். மாடத்தி உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும். எனக்கு உடம்பு சரியில்லை, அதனால்தான் நிறுத்தினாள் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வீட்டில் சத்தம் அடங்கியிருக்கும். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அவளும் சொல்லவில்லை. சத்தியம் செய்துவிட்டாளே. பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்தாள். நீ வைகாசியில் சிவனாண்டி தோணியில் ஏறிப் போய்விட்டாய். போகிற அன்றும் என் வாசலைத் தாண்டித்தான் போனாய். அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

உன்னைத் திட்ட வேண்டும் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். திட்ட முடியவில்லை. உன் அப்பன் என் தம்பி, அவனும் இப்படித்தான், வலிக்கிறது என்று வாயால் சொல்லமாட்டான்.

இதெல்லாம் தெரிந்த பிறகுதான் சூரசம்காரத்துக்கு அவளைத் திருச்செந்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என்ன காரணம் இருந்தாலும் புருசன் பேரைச் சொன்னது சொன்னதுதானே, கடலில் குளித்துவிட்டு முருகனிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொள், உன் புருசனுக்கு நல்லது என்றேன். கோபித்துக்கொள்ளாதே, நான் அந்தக் காலத்து மனுசி, எனக்கு அந்தப் பயம் போகவில்லை. அவள் நனைந்த சேலையோடு நின்று, என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள், "அவுகளுக்கு உசிரக் குடுன்னு கேக்கேன் பெரியம்மை. பேரச் சொன்னதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன். இன்னொருக்க அப்படி ஓடி வந்தா இன்னொருக்கயும் சொல்லுவேன்."

அலை வந்து காலடி மண்ணை இழுத்துக்கொண்டு போயிற்று. அவளுக்காக நானே மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். கேட்டது தப்போ சரியோ, செந்தூரானுக்குத் தெரியும்.

என் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. தெருவில் கிருபாநிதி வீட்டுக் கல்யாணத்துக்குப் பெண்கள் குலவை போட்டார்கள். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முன்னெல்லாம் கல்யாண வீட்டில் முதல் குலவைக்கு இவளைத்தான் தேடுவார்கள். இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. பேர் சொன்னவள் என்று ஒதுக்குகிறார்கள், சில பேர் கிணற்றடியில் காது கேட்கவே சொல்லுகிறார்கள். அதை அவள் என்னிடம் சொன்னதில்லை. நானே என் காதால் கேட்டேன்.

பால்துரை, என் ராசா, அந்த ஓட்டத்தில் ஓடாதே. அங்கே யாருக்கு உன் நெஞ்சு தெரியும்? நீ சிவந்த வாயோடு வந்தால் கொழும்புக்காரன் கை தட்டுவான். வெற்றிலை என்றுதான் நினைப்பான். உன்னை நிறுத்துவதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்? இங்கே தோற்ற பேரை அங்கே ஜெயித்துத் தீர்த்துவிடலாம் என்று நினைக்கிறாய், எனக்கு அது தெரியாதா? ஊர் சிரித்தது மறந்து போகும். ஊருக்குச் சிரிக்க வேறு ஆள் கிடைத்துவிட்டான், உன் பேச்சை யாரும் எடுப்பதே இல்லை.

முதலாளியிடம் உடம்பு சுகமில்லை என்று சொல்லு. வெட்கமாக இருந்தால் அத்தை சாகக் கிடக்கிறாள் என்று சொல்லு, எனக்கு ஒன்றும் ஆகாது. நல்ல டாக்டரிடம் நெஞ்சைக் காட்டு. மதனப்பள்ளியில் இந்த நோய்க்கென்றே ஆஸ்பத்திரி இருக்கிறதாம், போய்த் தேறி வந்தவர்கள் உண்டாம். பாலும் முட்டையும் சாப்பிட்டு, படுத்து ஓய்வாக இருக்க வேண்டுமாம். நீ வந்தால் நானே கூட்டிக்கொண்டு போகிறேன். அம்மை முகத்தில் விழிக்கச் சங்கடமாக இருந்தால் நேரே என் வீட்டுக்கு வா. உன் அம்மையிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அது உன் வாயால் சொல்ல வேண்டியது. என்றைக்காவது சொல்லத்தான் வேண்டும், இந்தப் பிள்ளை மாடத்தி பேர் கெட்டு நிற்பதற்காகவாவது.

திருச்செந்தூர் இலை விபூதி இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். நெற்றியில் இட்டுக்கொண்டு கொஞ்சம் நாக்கிலும் போட்டுக்கொள். நீ நூறு வருசம் இருக்க வேண்டும். நடந்தே இரு, போதும்.

இப்படிக்கு,
உன் நல்லதையே நினைக்கிற அத்தை,
சீனித்தாய்

கடிதத்தை மடித்த பிறகுதான் ஞாபகம் வருகிறது. உனக்கு எழுதும்போது ஒன்று கேட்கச் சொல்லிக் காலையிலேயே மாடத்தி சொல்லியிருந்தாள். அந்த ஓட்டம் கொழும்பில் எந்த ரோட்டு வழியாகப் போகிறது, அங்கே பெண்கள் ரோட்டோரம் நின்று பார்க்கலாமா, நின்றால் யாராவது ஏதாவது சொல்லுவார்களா என்று கேட்டாள்.