மிச்சமிருந்த ஆறு சீட்டு

நவம்பர் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சீட்டு எடுத்தோம். மேயர், கலெக்டர், போதகர், தேர்தலில் நிற்பவர்கள் என்று இருபது பெயர். நாங்கள் பதினான்கு பேர். எடுத்தவள் அந்த ஒருவருக்காக நாற்பது நாள் ஜெபிக்க வேண்டும். யார் பெயர் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. எழுதி மடித்துக் கொண்டுவந்தவள் ஜெஸ்லின்.

எனக்கு வந்தது பிரவின்ராஜ். ஜெஸ்லினின் அண்ணன். எங்கள் வார்டு வேட்பாளர்.

பெட்டியை நீட்டும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏன்?

நவம்பர் 12

என் ஓட்டு பார்வதியம்மாளுக்கு என்பது ஜெஸ்லினுக்குத் தெரியும். போன வருடம் எங்கள் மலையாளப் பள்ளியில் தமிழ் வகுப்பை மூடப் பார்த்தபோது கல்வி அலுவலகத்துக்கு மூன்று தரம் ஏறி இறங்கிய கவுன்சிலர் அவர். பிரவின்ராஜ் என்ன சொன்னார்? "ஏழு பிள்ளைங்களுக்கு ஒரு டீச்சர் எந்தினு?" எதற்காம்! அந்த ஒரு டீச்சர் நான்தான்.

அவருக்காக இப்போது முழங்காலில் நிற்கிறேன். எனக்கென்றே அந்தச் சீட்டை மேலே வைத்தாளோ?

நவம்பர் 15

"ஆண்டவரே, பிரவின்ராஜ்" — அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

நவம்பர் 20

பிரவின்ராஜ் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாப்பில் தேர்தல் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பாவம் என்று தோன்றியது. நோட்டீஸை வாங்கி, மடித்து, பைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். போன மாதமாக இருந்தால் வாங்கியிருப்பேனா?

பத்துப் பன்னிரண்டு நாள் ஒருவர் பெயரைச் சொன்னால் இப்படித்தான் ஆகுமோ. இது ஆகும் என்று யாருக்கோ முன்பே தெரியுமோ.

நவம்பர் 25

சங்கத்துச் சபீனா வீட்டுக்கு வந்தாள். ஆரியசாலையில் ஓட்டல் வேலை, எழுத்து தெரியாது. முந்தானையிலிருந்து சீட்டை எடுத்தாள்.

"டீச்சரே, சொல்லக் கூடாதுன்னு தெரியும். ஆனா இது யாருன்னு எனக்கே தெரியாதே. இந்தச் சீட்டுக்குள்ள இருக்கவரைக் காப்பாத்தும்னே ரெண்டு வாரமா கேக்குறேன். ஆணா பெண்ணான்னாவது சொல்லுங்க."

பிரித்தேன். பிரவின்ராஜ்.

"ஆண்" என்று மட்டும் சொன்னேன்.

நவம்பர் 26

சங்கத்துச் செயலாளர் நான். சபையின் வெஸ்ட்ரி அறை அலமாரிச் சாவி என்னிடம்தான். மிச்சச் சீட்டு ஆறும் பெட்டியிலேயே கிடந்தன. ஆறிலும் பிரவின்ராஜ். ஜெஸ்லினின் உருண்டை எழுத்து.

எனக்கென்று குறிவைத்தாள் என்று நினைத்தேனே! எல்லாருக்கும்தான். வெளியே சொல்லக் கூடாதென்ற விதி அவளுக்கு எவ்வளவு வசதி.

போன் செய்தேன். மறுக்கவில்லை.

"ஜெபந்தானேக்கா பண்ணச் சொன்னேன். ஓட்டா கேட்டேன்?"

"நாப்பது நாள் ஒருத்தருக்காக முட்டுப் போட்டவ, பூத்துல போய் வேற ஆளுக்கு அமுக்குவாளா?"

"அது உங்க மனசாட்சி, கேட்டோ. அண்ணனுக்கு இது தெரியாது."

தெரியாதாம்.

நவம்பர் 30, ஞாயிறு

சங்கத்தில் தலைவர்களுக்கான ஜெபத்தை நான்தான் நடத்தினேன். ஆமென் சொன்னதும், "எல்லாரும் அவங்கவங்க சீட்டைப் பிரிச்சு வாசிங்க" என்றேன். முதல் இரண்டு பேர் வாசித்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான்காவது சீட்டுக்கு எல்லார் கண்ணும் ஜெஸ்லின் மேல். சபீனாவின் முறை வந்தது.

"எனக்கும் பிரவின்ராஜ்தான். பாத்தீங்களா, இப்ப எனக்கே வாசிக்கத் தெரியுது."

சிரிப்பு அடங்கவில்லை. ஜெஸ்லின் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

போதகரிடம் அன்றே சொல்லியிருக்கலாம். நாலு நாள் பொத்தி வைத்திருந்து, பதினான்கு பேர் கூடுகிற இடத்தில், ஓட்டுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது — ஏன்? உண்மைக்காகவா?

டிசம்பர் 9

ஓட்டுப் போட்டேன். பார்வதியம்மாளுக்கு. காலையில் வழக்கம்போல ஜெபித்துவிட்டுத்தான் போனேன்.

டிசம்பர் 13

பார்வதியம்மாள் ஜெயித்துவிட்டார். பதினொரு ஓட்டு வித்தியாசம்.

தமிழ் வகுப்பு இருக்கும். நானும் இருப்பேன். சந்தோஷமாக இருக்க வேண்டியதுதானே? ஆனால் மனதுக்குள் கணக்கு ஓடுவது நிற்கவில்லை. பதினொன்று என்றால் ஆறு பேர் மனம் மாறியிருந்தால் போதும். அந்த அறையில் நாங்கள் பதினான்கு பேர்.

ஜெபக் கூட்டத்தில் ஓட்டு சேர்த்தாள் என்று அவளைச் சொன்னேன். நான் செய்ததற்கு என்ன பேர்?

டிசம்பர் 14, ஞாயிறு

எப்போதும் முன்வரிசையில் இருக்கும் பிரவின்ராஜ் இன்று கடைசி பெஞ்சில் இருந்தார். யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம் வந்தார்.

"டீச்சரே, நாப்பது நாளுன்னு ஜெஸ்லின் சொன்னா. இன்னைக்கும் சேத்து அஞ்சு நாள் பாக்கி இருக்கில்லையா?"

கேலி என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

"இருக்கு" என்றேன்.

சீட்டு பைபிளுக்குள்தான் இருந்தது. சாயங்காலம் எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு மண்டியிட்டேன். இன்று ஜெபம் அவர் பெயரோடு நிற்கவில்லை.