வேண்டுதல் நடை

சங்ககிரி

அன்புக் கண்ணு கயல்விழிக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அயர்லாந்துக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க மாரியாத்தா துணை.

சர்க்கரை ஏறிவிட்டதென்று சேலத்துக்குப் போனேன் அல்லவா, அந்த டாக்டர் தலையை நிமிர்த்தவே இல்லை, மாத்திரைக்குக் கீழே தினமும் அரை மணி நேரம் நடை என்று கிறுக்கிப் பக்கத்து அறைக்கு அனுப்பினார், வெள்ளைக்காரி ஒருத்தி பூங்காவில் ஷூ போட்டு நடக்கிற படத்தை அங்கே ஒரு பெண் கையில் கொடுத்தாள், முடிந்தது வைத்தியம். எந்த ரோட்டில் நடப்பாய், யார் விடுவார்கள் என்று ஒரு கேள்வி கிடையாது. உன் சித்திக்கும் இப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள், அவள் நடக்கவே இல்லை, கடைசியில் பாதத்தை எடுத்தார்கள். அந்தப் பயத்தில்தான் நான் கிளம்பினேன், டாக்டர் சீட்டுக்காக இல்லை.

நம் ஊரில் ஒரு பொம்பளை வெறுங்கையோடு ரோட்டில் நடந்தால் விடுவார்களா. வந்தவர்கள் எல்லாம் நிறுத்தி, ஏனுங்கக்கா நடந்து போறீங்க, ஊட்ல வண்டி இல்லீங்களா, ஏறுங்க என்கிறார்கள். பட்டறைக்கார காளிதாஸ் லாரியையே நிறுத்திவிட்டான். வாக்கிங் என்றால் சிரிக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் உன் அப்பாவுக்குப் போன், வீட்டில் சண்டையா என்று. அவரும் மானம் போகிறதென்று மொபெட்டில் பின்னாலேயே வந்து ஏற்றிக்கொண்டார், ரோஷத்துக்கு மட்டும் குறைச்சலில்லை. வெறுத்துப்போய் மறுநாள் கேட்டவர்களிடம், கோயிலுக்கு வேண்டுதல் நடை என்று சொன்னேன். அவ்வளவுதான், கும்பிடு போட்டு ஒதுங்கிப் போனார்கள். என்ன வேண்டுதல் என்று எதிர்வீட்டு முத்தாயம்மாள் துருவினாள், வாயில் வந்தபடி, கயலுக்குக் கல்யாணம் கூடி வரணும் என்று சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே கண்ணு. இப்போது சர்க்கரை இறங்கிவிட்டது, ஊசி தேவையில்லையாம். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, பார்த்தீங்களா, நான் எழுதிக் கொடுத்தது எப்படி வேலை செய்யுது என்று பக்கத்தில் நின்ற நர்சிடம் பெருமையடித்துக்கொண்டார். இந்த ஆளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தலைக்கு எண்ணெய் வை, நேரத்துக்குத் தூங்கு, ஆத்தா உன்னைக் கண்போலக் காப்பாள். ஒன்றை மட்டும் மறக்காதே, பெரியம்மா போனில் கல்யாணப் பேச்சு எடுத்தால் மசிந்துவிடாதே. இத்தனை வருஷம் நானும்தான் உன்னை நச்சரித்தேன், இனி எனக்கு அவசரமே இல்லை, உனக்குப் பிடித்தவனாக மெதுவாகவே பார். கல்யாணம் நிச்சயமான மறுநாளே என்னை மறுபடி வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா