டீச்சர் தூங்கிய நாள்

என் உயிரான டீச்சருக்கு,

அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று ஒரு பெயர் விடாமல் சொல்கிறேன். கவின், தர்ஷினி, முகிலன், இரட்டைப் பிள்ளைகள் ஹரிஷும் ஹரிணியும், மூக்கொழுகிச் சாத்தையா, பென்சிலைக் கடிக்கிற ரித்திகா, யாழினி. மழையென்று மற்றதுகள் பால்வாடிக்கு வரவில்லை. அப்புறம் நீங்கள். அடுப்படியில் ஆயா வேலை பார்த்த நான்.

எட்டே பிள்ளைகள், எண்பது பேர் சத்தம். யாழினி சோற்றுத் தட்டைக் கவிழ்த்துப் போட்டு மேளம் அடித்தாள். நீங்கள் ஒருநாளும் அதட்டியதில்லை. மேசையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வீர்கள். உங்கள் தூக்கம் கலையக் கூடாதென்று அதுகளே ஒன்றையொன்று கிள்ளி அடங்கிவிடும். கொஞ்ச நேரம் கழித்து “பே!” என்று எழுவீர்கள். கூரை பிய்யச் சிரிக்கும். தினப்படி விளையாட்டு.

அன்றைக்கும் தலையைச் சாய்த்தீர்கள். முதலில் பார்த்தது யாழினிதான்.

“ஏய், கத்தாதீகடா, டீச்சர் தூங்குறாக!”

நானும் எட்டிப் பார்த்து, வாயில் விரல் வைத்துக் காட்டினேன். என்ன, இன்னும் ‘பே’ வரவில்லையே என்று ஒரு தடவை தோன்றியது. அதற்குள் பருப்பு பொங்கியது. முட்டையெல்லாம் உரித்து எடுத்துக்கொண்டு வந்த பிறகுதான் உங்களைத் தொட்டேன். மூச்சில்லை.

நெஞ்சு வலித்ததா, டீச்சர்? என்னைக் கூப்பிட்டீர்களா?

உங்கள் வீட்டில், துக்கத்துக்கு வந்த அத்தனை பேருக்கு முன்னால் உங்கள் தம்பி கேட்டார்: “அம்புட்டு நேரம் பக்கத்துலதானே இருந்தீக, ஒருத்தருக்குமா தெரியல?” “இந்தப் பிள்ளைதான் டீச்சர் தூங்குறாகன்னு சொன்னுச்சு” என்று யாழினியைக் கைகாட்டிவிட்டேன். அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது அது. நாலு வயது.

புது டீச்சர் தேவகோட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறார். “இது மட்டும் எவ்வளவு சமத்து பாருங்க ஆயா” என்று யாழினியைக் காட்டுகிறார். அது வாயையே திறப்பதில்லை. மத்தியானம் பிள்ளைகள் படுத்ததும் ஒவ்வொன்றின் மூக்கிலும் விரல் வைத்துப் பார்க்கிறது. அதற்குப் பின்னாலேயே போய் நானும் பார்க்கிறேன்.

எடை மெஷினை நான்தான் உடைத்தேன் என்று பழி போட்ட சூப்பர்வைசரோடு ஆறு வருஷம் பேசாமல் இருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? “அக்கா, நீங்க எதையுமே மறக்க மாட்டீகளா?” என்று சிரிப்பீர்கள். போகட்டும், அந்த அம்மாவை மன்னித்து விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை யாழினியின் அம்மாவையும் உங்கள் தம்பியையும் வரச் சொல்லியிருக்கிறேன். வாயில் விரல் வைத்து அடக்கியது நான்தான், பிள்ளைமேல் ஒரு குற்றமும் இல்லை என்று எல்லாருக்கும் முன்னால் சொல்வேன். இது சத்தியம். வேலை போனால் போகட்டும். அப்புறம் அது கையில் தட்டைக் கொடுப்பேன். மேளம் அடிக்குமா, டீச்சர்?

மன்னிக்க முடியாதவள் இப்போது ஒருத்திதான். பெயர் கீழே இருக்கிறது.

உங்கள் அக்கா,
பாண்டியம்மாள்