என் கடையின் இணையப் பெயர்

புதன், இரவு.

என் மோட்டார் ரிப்பேர் கடைக்கு வலைத்தளம் அமைத்துத் தந்து, அதன் இணையப் பெயரைத் தன் பெயரில் பதிந்திருந்த செல்வம், அதை வேறொரு கடைக்காரனுக்குக் கொடுத்துவிட்டான். செய்தது துரோகம். சுரங்கத்தில் பெர்மனென்ட் ஆகி, ஓய்வும் பெற்றவன் நான். பெயரும் அப்படித்தான் என்று நம்பியிருந்தேன். அது வருடா வருடம் புதுப்பிக்க வேண்டிய காண்ட்ராக்டாம்.

புது இணையப் பெயர் வாங்கினேன். இணையத்தில் தேடினால் கடை கண்ணிலேயே படவில்லை. கடைப் பெயருக்குப் பதிலாக 'நெய்வேலி மோட்டார் ரிப்பேர்' என்றே இணையப் பெயரை வைத்தால் தேடலில் மேலே வரும் என்றார்கள். கடைப் பெயரை மாற்ற மாட்டேன் என்றேன்.

இன்று மாலை தேடினால் முதல் பக்கத்தில் என் கடை! பக்கத்துத் தையல் கடை ஜைனப் சிரித்தாள்.

"பேரு சும்மா போர்டுண்ணே. நாலு பேரு வழி காட்டினாதான் மேல வரும். கம்மாபுரம் விவசாயிங்க வெப்சைட்டு, மெஸ்காரரு வெப்சைட்டு எல்லாம் உங்க பழைய இணைய விலாசத்தையே காட்டிகினு இருந்துச்சு. புதுசுக்கு மாத்தச் சொன்னேன்."

"நான் கேக்கவே இல்லையேம்மா?"

"நீங்களா கேப்பீங்க?"

இனி பெயரை நானே, என் பெயரில் புதுப்பிக்க வேண்டும். செல்வம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். ஜைனப்பின் தையல் மிஷின் மோட்டார் சத்தம் போடுகிறது. காலையில் முதல் வேலையாக, அவள் கேட்காமலே, நான் பார்த்துக் கொடுக்க வேண்டும்.