இத்தாவில் ஒரு பாத்ரூம் வேலை

இத்தா 71, சனி

விடியலிலிருந்தே மழை. கொடியில் கிடப்பது எதுவும் காயவில்லை.

பாத்ரூமில் வொஷிங் மெஷினைத் தொட்டேன். கரண்ட் அடித்து இடக்கை முழங்கை வரை விறைத்துப் போனது. வெறுங்கால், ஈரத் தரை. சுவரில் சாய்ந்து நின்றேன், எவ்வளவு நேரமோ.

கத்தவில்லை. கத்தினால் கேட்க வீட்டில் யார்? அவர் மௌத்தாகி எழுபத்தொரு நாள்; மனிசன் போனவள் வீட்டோடு இருக்கும் நாலு மாதம் பத்து நாள் இத்தா இன்னும் முடியவில்லை. பெற்றது இரண்டும் ஆண். ஊர் வழக்கப்படி கலியாணம் முடித்துப் பெண் வீட்டோடு போனவர்கள். ரிஸ்வான் சம்மாந்துறையில். சின்னவன் அக்கரைப்பற்றில் முடித்து இப்போது கட்டாரில். பெண் பிள்ளை ஒன்று இருந்திருந்தால் இந்த வீடு அவளுக்கு, நானும் அவளோடு.

ரிஸ்வானுக்குச் சொல்லக் கூடாது. இதையே பிடித்துக்கொள்வான்: "வீட்டப் பூட்டிட்டு வாங்க உம்மா." அவன் மாமியார் வீட்டில் ஓர் அறை, அவள் போடுகிற சோறு. என் புடவைக் கடை இங்கே கல்முனையில். இத்தா முடிந்தாலும் அங்கிருந்து கடைக்கு விடுவார்களா?

இத்தா 72, ஞாயிறு

கையால் துவைத்தேன். செருப்புப் போட்டு நின்று பாத்ரூமை வடிவாகப் பார்த்தேன்.

– மெஷினுக்கு அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர், கதவு இடுக்கால்.
– நடுவில் எர்த் இல்லாத அடாப்டர்.
– கண்ணாடிக்குக் கீழே பிளக் பொயின்ட், அவருடைய தாடி ட்ரிம்மருக்கு. ஷவர் தண்ணீர் தெறிக்கிற தூரம்.

எல்லாம் அவர் கை வேலை.

இலக்ட்ரீஷியன் வேண்டும். இத்தாவில் அந்நிய ஆண் முன்னால் வர முடியாது. பக்கத்து வீட்டு சல்ஹாவிடம் கேட்டேன். "நீங்க அறைக்குள்ள இரிங்க ராத்தா, நான் ஹோலில குந்தியிருக்கன். அவரு பாத்ரூமப் பாக்கத்தானே வாறாரு, உங்களையா?"

எழுபத்திரண்டு நாளில் முதல் சிரிப்பு.

இத்தா 74, செவ்வாய்

ஹனீபா என்ற இலக்ட்ரீஷியன் வந்தார். நான் அறைக்குள், கதவைச் சாத்தி.

"ராத்தா, வீட்டுல ட்ரிப் சுவிச் இரிக்கிதா?"

"இரிக்கி. முன்னுக்கு, மீட்டருக்குப் பக்கத்துல."

மூடியைக் கழற்றும் சத்தம். பிறகு சிரிப்பு.

"பேருக்குத்தான் இரிக்கி. அத விட்டுட்டு நேர வயர் இழுத்திரிக்கி. கரண்ட் ஒழுகினாலும் விழாது. இதச் செஞ்ச இஞ்சினியருக்கு ஒரு சலாம் சொல்லணும்."

"அவரு மௌத்து, ஹனீபா," என்றாள் சல்ஹா.

ஸ்குரூ டிரைவரைக் கீழே வைக்கும் சத்தம். "மன்னிச்சிக்கங்க ராத்தா."

கதவுக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் விளங்கியது. போன மாரியில் மெஷின் சுற்றத் தொடங்கினாலே ட்ரிப் சுவிச் விழுந்து வீடு இருட்டு. சோப்புக் கையோடு நின்று கத்தினேன்: "இத ஒருக்காத் திருத்தத் தெரியாத ஆம்பிளயா நீங்க?" அடுத்த நாளிலிருந்து விழவில்லை. திருத்திவிட்டார் என்று இருந்தேன். கடைக்கு வரும் துணியைப் பிரித்துப் பார்க்காமல் எடுக்காதவள், இதைப் பார்க்கவில்லை. அந்த மனிசனுக்கு என் வாய்க்குத்தான் பயம், கரண்டுக்கு இல்லை.

இனி யாரோடு சண்டை பிடிக்க?

இத்தா 75, புதன்

வேலை முடிந்தது. புது ட்ரிப் சுவிச். மெஷினுக்கு எர்த்தோடு தனி லைன். பிளக்கும் சுவிச்சும் பாத்ரூமுக்கு வெளியே. கண்ணாடிப் பிளக்கை அடைத்தாயிற்று. மெஷினுக்குள் எலி கடித்த வயர், அதையும் மாற்றியாயிற்று. போன மாரியில் வீட்டை இருட்டாக்கியதும் அதுதான். இவ்வளவு நாளும் ரப்பர் செருப்புதான் காப்பாற்றியதாம்.

மாதம் ஒருக்கா டெஸ்ட் பட்டனை அழுத்த வேண்டும், விழாவிட்டால் ஹனீபாவைக் கூப்பிட வேண்டும். சார்ஜ் போடுவது, தலைமயிர் காயவைப்பது எல்லாம் அறையில், கை காய்ந்த பிறகு.

ட்ரிம்மருக்குள் அவர் நரைமயிர். தட்டவில்லை. அப்படியே மேசை லாச்சியில் வைத்தேன்.

இத்தா 79, ஞாயிறு

ரிஸ்வான் வந்தான். சுவிச்சைக் கண்டுவிட்டான். பொய் சொல்ல மனம் வரவில்லை, எல்லாம் சொன்னேன்.

"ஏன் உம்மா எனக்குச் சொல்லல்ல?"

"சொன்னாக் கூட்டிட்டுப் போயிருவாய்."

"ஓம், போவன்தான். வழுக்கி விழுந்து கிடந்தா ஆரு உம்மா பாக்கிற?"

எத்தனை பேரிடம் விலை பேசி வென்றவள். தேத்தண்ணி ஊற்ற எழுந்து போனேன்.

அஸர் தொழுகை வரை வாதம். கடைசியில் நான் வைத்த பேச்சு: தினமும் குளித்து வந்ததும் போன் அடிப்பேன். இரண்டு ரிங், வெட்டிவிடுவேன். பத்து மணிக்குள் ரிங் வராவிட்டால் அவன் வரட்டும்.

"எடுத்து ரெண்டு வார்த்த கதைச்சா என்ன உம்மா?"

"வேல நேரத்துல உனக்கென்ன கதை? எடுக்கப்படாது."

தலையை ஆட்டிவிட்டுப் போனான். வென்றுவிட்டேன்.

இத்தா 80, திங்கள்

வெயில். மெஷின் போட்டேன். குளித்தேன். இரண்டு ரிங். வெட்டினேன்.

இத்தா 83, வியாழன்

குளித்தேன். போன் அடித்தேன். இன்று வெட்டவில்லை. ஐந்து ரிங், ஆறு ரிங், தானாக நிற்கும் வரை காதில் வைத்திருந்தேன்.

சொன்ன சொல் கேட்கிற பிள்ளை. எடுக்கவில்லை.