உன் முகவரியின் கடைசி வரி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமா என்று இந்த முறை யாரையும் எழுதித் தரச் சொல்லாமல் என் கையாலேயே கேட்கிறேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துப் படி. இந்த நாலு வரி எழுதுவதற்குள் டீ ஆறிப்போய்விட்டது. ழ போடும்போது இன்னமும் வாய் தானாகத் திறந்துகொள்கிறது, அம்மா பார்த்துச் சிரிக்கிறாள். ஆபரேஷன் செய்த கண் அவளுக்கு இப்போது நன்றாகத் தெரிகிறது, என் சட்டையில் எங்கெங்கே கிரீஸ் கறை என்று காட்டுகிற அளவுக்குத் தெரிகிறது. சந்தோஷ சமாச்சாரம் இவ்வளவுதான். மீதி எல்லாம் கோபம்.

நம் வீட்டுக்காரர் இடுப்பில் சாவிகளைக் கட்டிக்கொண்டு குலுங்கக் குலுங்க நடப்பாரே, கொத்துச்சாவி என்று நீதானே பெயர் வைத்தாய். அந்தக் கொத்தில் நம் வீட்டு டூப்ளிகேட் சாவியும் உண்டு. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று கேட்டார், நானே என் சாவிக் கடையில் அராவிக் கொடுத்தேன். ஆபரேஷன் முடிந்து அம்மாவின் இரண்டு கண்ணையும் கட்டியிருந்த மூன்றாம் நாள், நான் கடைவரை போயிருந்தேன். பூட்டு திறக்கிற சத்தம் கேட்டு நான்தான் என்று நினைத்து, வந்துட்டீங்களா, ஒரு வாய் தண்ணி குடுங்க என்று கேட்டிருக்கிறாள். யாரோ ஒரு ஆள் களுக்கென்று சிரித்தானாம். வீட்டை வாங்க வந்தவர்களுக்குக் கொத்துச்சாவி நம் சமையலறை, குளியலறை, அலமாரி எல்லாம் திறந்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார். தண்ணீர் மட்டும் யாரும் கொடுக்கவில்லை. நான் வரும்வரை சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். இந்தக் காகிதத்தில் இருக்கும் ஓட்டை பேனா குத்தியது, எலி கடித்தது அல்ல.

உடனே போய்க் கேட்டேன். என்ன பெரியவரே சத்தம் போடுறீங்க, எப்ப வேணும்னாலும் உள்ள வரலாம்னு ஒப்பந்தத்துலயே இருக்கு, கைநாட்டு வெச்சது நீங்கதானே, இல்ல வேற யார் கட்டைவிரலா என்றார். அதோடு விடவில்லை. வீட்டை விக்கப் போறேன், பதினஞ்சு நாள்ல காலி பண்ணுங்க, அதுவும் அதுலயே இருக்கு என்றார். இருபத்திரண்டு வருடம் இருந்த வீடு, பதினைந்து நாள். வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தேன். விரலை வைத்து மூன்று சாயங்காலம் படித்தேன். அவர் சொன்னவை இரண்டும் இருந்தன. ஆனால் கடைசியில், இந்த ஒப்பந்தம் இன்ன மாநிலத்தின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்று ஒரு வரி. அந்த மாநிலத்தின் பெயரை மட்டும் நான் எழுத்துக் கூட்டவே இல்லை, பார்த்ததும் வாய் சொல்லிவிட்டது. ஏன் தெரியுமா? நூலகத்தில் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லித்தரும் வகுப்பில் டீச்சர் முதலில் என்ன கத்துக்கணும் என்று கேட்டபோது மகளுக்குக் கடிதம் போடணும் என்றேன், அதனால் உன் முகவரியைத்தான் நோட்டு முழுக்க எழுதிப் பழகினேன். அதன் கடைசி வரி அந்தப் பெயர். உன் மாநிலம்! நான் இங்கே குடியிருக்கிறேன், என் வீடு உன் ஊர்ச் சட்டத்தில் குடியிருக்கிறது.

இப்போது புரிகிறதா? இரண்டு வருடம் முன்பு, அதுவரை வாய்ப்பேச்சாக இருந்த குடித்தனத்துக்குக் கொத்துச்சாவி காகிதம் கேட்டபோது மாப்பிள்ளை போனில் ஒப்பந்தம் ஒன்றை அனுப்பினார். எங்க வீட்டுக்குப் போட்டது இதுதான் மாமா, பேரை மட்டும் மாத்திக்கச் சொல்லுங்க, வேலை முடிஞ்சுது என்றார். பேரை மாற்றினார்கள், வேலையும் முடிந்தது, நம் வேலை! மாப்பிள்ளையைத் திட்டக் கூடாது, அதனால் உன்னைத் திட்டுகிறேன், நீ அவர் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படி. நான் முப்பத்தெட்டு வருடமாகச் சாவி வெட்டுகிறேன். கதவைப் பார்க்காமல் ஒரு சாவியாவது வெட்டியிருக்கிறேனா? இன்னொரு வீட்டுச் சாவியைப் போட்டுத் திருகினால் பூட்டுக்குள்ளேயே முறியும், பிறகு அந்த வீட்டு ஆளே வெளியேதான் நிற்க வேண்டும். படித்தவர்களுக்கு இது தெரியாதா?

டீச்சர், பகலில் தான் பார்க்கும் பஸ் டிப்போ வேலைக்கு அரை நாள் லீவு போட்டு என்னை வாடகை அலுவலகத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்த பெண் அதிகாரி ஒப்பந்தத்தின் கடைசி வரியைப் பேனாவால் தட்டி, வீடு எங்க நிக்குதோ அந்த மாநிலச் சட்டம்தான் ஐயா, இங்க வீட்டுக்காரர் உள்ள வரணும்னா முந்தின நாளே எழுதிக் கேக்கணும், வித்தாலும் காலி பண்ண மூணு மாசம் தரணும், நீங்க கைநாட்டு வெச்சிருந்தாலும் அது மாறாது என்றாள். எனக்குக் கோபம் இரட்டிப்பானது. இந்த ஊர்க் குடித்தனக்காரர்களை நினைத்து எழுதிய சட்டம் இங்கேயே இருந்திருக்கிறது, நாம்தான் வேறு ஊர்க் காகிதத்தை வைத்து அதை மூடியிருக்கிறோம்.

அன்றைக்கே அந்தச் சட்டத்தைச் சொல்லிக் கொத்துச்சாவிக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் வாழ்க்கையின் முதல் கடிதம், உனக்கு எழுத வேண்டியது, அந்த ஆளுக்குப் போய்விட்டது, அதற்கும் சேர்த்துக் கோபம். வாங்கிப் படித்தவர் அப்படியா சட்டம் என்று கேட்கவில்லை, சட்டத்தை உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார். அப்போதே தெரிந்துவிட்டது, அவருக்கு எல்லாம் தெரியும். கைநாட்டு எங்கே என்று காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் எழுதிக் குடுத்தா என்றார். அதே கட்டைவிரல்தான், இன்னும் ரெண்டு விரல் துணைக்கு வந்துச்சு என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கொத்துச்சாவி, கையில் காகிதம். நாளைக்கு வீடு பார்க்க ஆள் வரலாமா என்று எழுதி எடுத்து வந்திருந்தார். நான் தாழ்ப்பாளில் கை வைத்தேன். அம்மா என்னைத் தடுத்து, இருங்க, முதல்ல எனக்கு ஒரு வாய் தண்ணி குடுங்க என்றாள். கொடுத்தேன். அவள் நிதானமாக, டம்ளரின் அடிவரை குடித்து முடித்தாள். அதன் பிறகுதான் திறந்தேன்.

மூன்று மாதத்துக்குள் வேறு வீடு பார்த்துவிடுவோம், கவலைப்படாதே. அதற்கான ஒப்பந்தத்தை நானே படித்துத்தான் போடுவேன், போனில் எதுவும் அனுப்ப வேண்டாம். உங்கள் ஒப்பந்தத்தையும் எடுத்து முழுக்கப் படித்துப் பார், அது யாருடைய மாப்பிள்ளை அனுப்பியதோ. இருவரும் நூறு வருடம் நன்றாக இருங்கள். நேரத்துக்குச் சாப்பிடு. நான் திட்டியதை மாப்பிள்ளையிடம் சொல்லாதே, சொன்னாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
தன் பெயரைத் தானே எழுதும்
உன் அப்பா