திரும்பாத முள்

இப்போதுதான் எழுதப் பழகுகிறேன், எழுத்துகள் ஏறியும் இறங்கியும் கிடக்கின்றன. பொறுத்துக்கொள், மச்சான். 'ழு' போட மட்டும் மூன்று தடவை அழித்தேன். ஆனாலும் இது நானே எழுதுவது.

இன்று மழை ஈரத்தில், நாம் கட்டிய கூடத்துக்குள் தார் வாசனை வந்தது. இப்போது அங்கே முதியோர் எழுத்தறிவு வகுப்பு நடக்கிறது, நாங்கள் பதினைந்து பேர். அந்த உத்திரத்துக்குக் கீழேதான் உட்காருகிறோம். நிமிர்ந்து பார்த்தேன். சுண்ணாம்பை மீறிப் பழுப்பாக எழுத்துகள் கசிந்திருந்தன.

உனக்கு நினைவிருக்கும். கூடம் கட்டி முடித்ததும், உத்திரம் பாரம் தாங்குமா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். பாரத்துக்கு மணல் கொண்டுவர, வெள்ளிமலையைத் தாண்டி ஜீப் ஏறாது. ஊராரின் சாமை மூட்டைகளையே தளத்தின் மேல் அடுக்கினோம். நீ கீழே நின்று, உத்திரம் எவ்வளவு வளைகிறது என்று காட்ட அதைத் தொட்டபடி வைத்திருந்த, கடிகாரம் மாதிரியான கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பாரம் ஏற ஏற முள் நகர்ந்தது. மறுநாள் மூட்டைகளை இறக்கினோம். முள் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். பாதியிலேயே நின்றுவிட்டது.

"இன்னா சார், திரும்பலையே?" என்றாய்.

"துரு புடிச்ச முள்ளுய்யா, வுடு," என்றார் ஓவர்சியர். நானும் சிரித்தேன்.

அவர் போனதும் நீ ஏணி வைத்து ஏறி, உத்திரத்தில் தாரால் ஏதோ எழுதினாய். என்னவென்று கேட்டேன்.

"நீதான் அவரு சொன்னத நம்பிட்டியே. படிக்கக் கத்துக்கினு நீயே பாரு."

அந்த வாரமே காய்ச்சலோடு உன்னைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு இறக்கினோம். நீயும் திரும்பவில்லை. பொங்கலுக்கு அந்த எழுத்தின் மேல் சுண்ணாம்பு அடித்தவன் நான்தான்.

இன்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'முள் திரும்பவில்லை. இதன் கீழ் உட்காராதே.' பாடப் புத்தகத்துக்கு வெளியே நான் படித்த முதல் வரி. சந்தோஷத்தில் உடம்பு சிலிர்த்தது. எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது.

"பழைய கறைங்க தாத்தா," என்றாள் டீச்சர்.

"இல்லம்மா, என் மச்சான் எயுத்து. எல்லாரும் எயுந்து வெளிய வாங்க."

அவர்களைப் பலா மரத்தடிக்கு அனுப்பிவிட்டு, உத்திரத்துக்குக் கீழே ஒரு மூங்கில் கழியை, அடியில் கல் முட்டுக் கொடுத்து நிறுத்தினேன். கழிக்கும் உத்திரத்துக்கும் நடுவே என் நோட்டுத் தாள் நுழையும் அளவுக்கு இடம் விட்டேன். தளத்தில் ஒரு மூட்டைகூட இல்லை. காற்றும் இல்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தேன். தாள் நுழையவில்லை, உத்திரம் அந்த அளவுக்கு இறங்கியிருந்தது. மேலே இருந்து யாரோ பிடித்துக்கொண்டதுபோல் கழி இறுகி நின்றது.

கூடத்தைப் பூட்டிவிட்டேன். சாவி என் மடியில் இருக்கிறது. உன் வரியைக் கதவில் கரியால் எழுதியிருக்கிறேன், உன்னுடையதைவிடப் பெரிதாக. கழி என்ன ஆனதென்று அடுத்த வாரம் எழுதுகிறேன். ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பேன், பயப்படாதே.